துவர்ப்பு வாயில் செய்யும் வேலை

கடலைமிட்டாய்க்கு நிலக்கடலை வறுக்கிற இடத்தில் பருப்புக்கு முன் கண்ணில் படுவது அதன் செந்தோல்தான். வறுத்த பருப்பைத் தேய்த்துக் காற்றில் விட்டால் தோல் தனியே பறந்து மூலையில் குவியும். தரை, சுவர், வேலை செய்பவர்களின் தலைமுடி என்று எங்கும் ஒட்டிக்கொள்ளும். பருப்பின் எடையில் அது சுமார் 3 விழுக்காடு. பெரும்பாலும் மாட்டுத் தீவனத்தில் கலக்கிறது, இல்லையென்றால் அடுப்புக்குப் போகிறது. அதில் ஒரு சிட்டிகை எடுத்து மென்றால் சில நொடிகளில் நாக்கு வறண்டு, கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடித்தாற்போல் ஆகும். உமிழ்நீருக்கு வழவழப்பைத் தருகிற புரதங்களை அந்தத் தோலில் உள்ள டானின்கள் கட்டிப்போட்டுவிடுவதால் வரும் உணர்வு அது. துவர்ப்பு என்கிறோம்.

இந்தக் கட்டிப்போடும் குணத்தை வாய்நாற்றத்துக்கு எதிராகத் திருப்ப முடியுமா என்று பல நாட்டு ஆய்வகங்கள் 30 ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகின்றன. மாதுளை ஓடு, திராட்சைச் சக்கை, முந்திரி ஓடு, தேங்காய் மட்டை, பியர் தயாரிப்பில் மிஞ்சும் ஹாப் பூவின் செதில் என்று சோதிக்கப்பட்ட கழிவுகளின் பட்டியல் நீளம். ‘இன்ன தோலின் சாறு இன்ன கிருமியைக் கொன்றது’ என்று முடியும் கட்டுரைகளுக்கும் பஞ்சமில்லை. அவற்றைத் தொடர்ந்து படிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. கொல்வதைப் பற்றியே பேசிப் பேசி, இந்தப் பொருள்கள் உண்மையில் எதில் கெட்டிக்காரத்தனம் உள்ளவை என்பதைத் தவறவிடுகிறோம். நாற்றம் உருவாகும் வழியில் துவர்ப்பு பல இடங்களில் குறுக்கே நிற்கிறது. சாகடிப்பது அதில் சிறிய பங்குதான்.

வழியை முதலில் பார்த்துவிடலாம். ‘வயிறு சரியில்லை, அதனால்தான் வாய் நாறுகிறது’ என்று வீடுகளில் சொல்வது வழக்கம். தொடர்ந்து வாய்நாற்றம் உள்ளவர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேருக்கு அது வாய்க்குள்ளேயே உண்டாகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் டான்செட்டிச் 1960களிலும் 70களிலும் வாய்க் காற்றை வாயு நிறப்பிரிகைக் கருவியில் செலுத்திப் பிரித்துப் பார்த்தார். நாற்றத்துக்குப் பெரும் பொறுப்பு கந்தகம் சேர்ந்த மூன்று வாயுக்கள் என்று தெரிந்தது: அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டைக்கோஸ் போன்ற மீத்தைல் மெர்காப்டன், குறைந்த அளவில் டைமீத்தைல் சல்ஃபைடு. இவற்றில் மூக்கை உறுத்துவதில் முதலிடம் மெர்காப்டனுக்கு.

இந்த வாயுக்களின் பிறப்பிடம் பெரும்பாலும் நாக்கின் பின்பகுதி. காலையில் பல் துலக்குவதற்கு முன் ஒரு கரண்டியின் விளிம்பால் நாக்கை எவ்வளவு பின்னால் எட்டுமோ அங்கிருந்து வழித்தால் மஞ்சள் கலந்த வெண்மாவு ஒன்று வரும். அரை நிமிடம் விட்டு அதை முகர்ந்தால் விஷயம் விளங்கிவிடும். உதிர்ந்த தோல் செல்கள், உமிழ்நீரின் புரதங்கள், இரத்த வெள்ளணுக்களின் மிச்சம், இவற்றுக்கிடையே பாக்டீரியாக் கூட்டம். உள்ளே ஆக்சிஜன் அநேகமாகக் கிடையாது. சோற்றுப் பருக்கை அழுகுவதால் நாற்றம் வருவதாக நினைக்கிறோம். ஆனால் மாவுச்சத்தில் கந்தகம் இல்லை. புரதத்தில் உள்ள சிஸ்டீன், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களில்தான் அது இருக்கிறது. பாக்டீரியாவின் நொதிகள் சிஸ்டீனை உடைத்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு, மெத்தியோனினை உடைத்தால் மெர்காப்டன். தூக்கத்தில் உமிழ்நீர் ஊறுவது வெகுவாகக் குறைவதால் இந்த வேலை இரவு முழுக்கத் தடையில்லாமல் நடக்கிறது.

யார் செய்கிறார்கள் என்று கேட்டால் பதில் சுலபமில்லை. ஈறு நோயோடு சேர்ந்து வரும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ், ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம், ட்ரெப்பொனீமா டென்டிகோலா ஆகியவை பழைய குற்றவாளிகள். சோலோபாக்டீரியம் மூரீ புதிய வரவு. மனித மலத்திலிருந்து பிரித்தெடுத்து 2000இல் ஜப்பானில் பெயரிடப்பட்ட அந்த பாக்டீரியா, 2003இல் பாஸ்டனில் செய்த ஆய்வில் வாய்நாற்றம் உள்ளவர்களின் நாக்கிலும் தென்பட்டது. 2007இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு அந்தத் தொடர்பை உறுதிப்படுத்தியது. அதே பாஸ்டன் ஆய்வில் நாற்றம் இல்லாதவர்களின் நாக்கில் மிகுந்திருந்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சலிவேரியஸ். ஆகவே அது நல்ல பாக்டீரியா என்று பெயரெடுத்தது. நியூசிலாந்தில் அதன் ஒரு வகையை வாயில் குடியேற்றும் மாத்திரையே வந்துவிட்டது. ஆனால் 2006இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் ஸ்டெரரும் ரோசன்பர்க்கும் வேறு ஒன்றைக் காட்டினார்கள். உமிழ்நீர்ப் புரதத்தைச் சுற்றியுள்ள சர்க்கரைச் சங்கிலியை இந்த ‘நல்ல’ பாக்டீரியாவின் நொதி கத்தரித்துக் கொடுத்தால், உரிந்து நிற்கும் புரதத்தை ஜிஞ்ஜிவாலிஸ் சுலபமாக அழுக வைக்கிறது. ஒரு கட்டுரையில் காவலாளி, இன்னொன்றில் கூட்டாளி. நாற்றம் பல பாக்டீரியாக்கள் கைமாற்றிச் செய்யும் வேலை என்பதால், ஒன்றைக் குறிவைத்துக் கொல்வதில் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது. எல்லாவற்றையும் கொல்வது விரும்பத்தக்கதும் அல்ல.

இங்கேதான் கழிவின் வேதியியல் சுவையாகிறது. செடி தன் விதையைப் பூஞ்சையிடமிருந்தும் பூச்சியிடமிருந்தும் காக்கத் தோலிலும் ஓட்டிலும் விதையுறையிலும் டானின் உள்ளிட்ட பாலிபீனால்களைத் திணித்து வைக்கிறது. நமக்கோ இனிப்பும் சதையும் எண்ணெயும் வேண்டும். துவர்க்கும் பகுதியை உரித்தெறிவதுதான் சமையலும் ஆலைத்தொழிலும். மாதுளம்பழத்தின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு அதன் தோல். புனிகலாஜின் என்ற பெரிய டானின் சாற்றிலிருப்பதைவிட அங்கே அதிகம். திராட்சையில் விதை, மாம்பழத்தில் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு, காப்பியில் பழத்தோல். செடி காவலுக்கு வைத்ததைத்தான் நாம் குப்பையில் கொட்டுகிறோம் என்பதால், மருந்துப் பொருள் தேடுபவர்கள் குப்பைக்குப் போவதில் வியப்பில்லை.

வாயில் டானின் செய்யும் முதல் வேலை ஒட்டுதலைக் கெடுப்பது. பாக்டீரியாக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டுதான் படலமாக வளர்கின்றன. முதலில் வந்து குடியேறுபவற்றையும் பின்னால் வரும் ஜிஞ்ஜிவாலிஸ் போன்றவற்றையும் இணைக்கும் பாலமாக ஃபியூசோபாக்டீரியம் இருக்கிறது என்பதை அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் பால் கோலன்பிராண்டர் பல ஆண்டுகள் உழைத்து நிறுவினார். 1998இல் டெல் அவீவில் எர்வின் வைஸ் குழுவினர் கிரான்பெரிச் சாற்றின் பெரிய மூலக்கூறுகளைப் பிரித்தெடுத்து, வாய் பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று பற்றுவதை அவை தடுப்பதாகவும், ஏற்கெனவே பற்றியவற்றைப் பிரித்துவிடுவதாகவும் காட்டினார்கள். கியூபெக்கின் லவால் பல்கலைக்கழகத்தில் டேனியல் கிரெனியே ஆய்வகம் கிரான்பெரியின் டானின்களான புரோஆந்தோசயனிடின்களை ஈறு நோய்க் கிருமிகள் மீது தொடர்ந்து சோதித்தது. அவை ‘ஏ வகை’ இணைப்பு கொண்டவை. பெரும்பாலான பழங்களில் இருப்பது ‘பி வகை’. ஏ வகை அதிகமாக உள்ள சில பொருள்களில் ஒன்று, வறுத்த இடத்தில் மூலையில் குவிந்து கிடக்கிற நமது நிலக்கடலைத் தோல். இணைப்பு ஒன்று என்பதற்காக விளைவும் ஒன்றாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூலக்கூறின் நீளம் மாறினால் ஒட்டும் திறனும் மாறும். சோதித்துப் பார்ப்பதற்கு இதைவிட மலிவான பொருள் இல்லை என்று மட்டும் சொல்லலாம்.

இரண்டாவது வேலை நொதிமீது. மெத்தியோனினை உடைத்து மெர்காப்டன் உண்டாக்கும் நொதி மனித உடலில் கிடையாது. அதனால் அதை முடக்கினாலும் நமக்கு நட்டமில்லை. தேயிலையின் பாலிபீனால்களான கேட்டச்சின்களில் முக்கியமான ஈஜிசிஜி, ஜிஞ்ஜிவாலிஸில் அந்த நொதிக்கான மரபணுவின் செயலைக் குறைப்பதை 2010இல் கிறிஸ்டின் வூ சார்ந்த குழு காட்டியது. பாக்டீரியா உயிரோடு இருக்கிறது, நாற்றம் மட்டும் குறைகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவுகளில் ஒன்று இது. தேயிலைக் கழிவை நினைப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீலகிரித் தொழிற்சாலைகளில் நாரும் காம்புமாக ஒதுக்கப்படும் கழிவு இருக்கிறது. அது கலப்படத்துக்குப் போகாமல் இருக்க 1959ஆம் ஆண்டின் தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணையே உண்டு; காஃபின் எடுக்க அது பயன்படுகிறது. ஆனால் கறுப்புத் தேயிலை தயாரிக்கையில் இலையை நசுக்கிக் காற்றில் பரப்பும்போதே கேட்டச்சின்களில் பெரும்பகுதி தியாஃப்ளேவின், தியாருபிஜின் என்று வேறு பொருள்களாக மாறிவிடும். பச்சைத் தேயிலைக்குக் கிடைத்த முடிவை அந்தக் கழிவுக்கு அப்படியே பொருத்த முடியாது.

மூன்றாவது வேலை வாயுவையே பிடிப்பது. இதைத்தான் நான் துவர்ப்பின் மிகச் சிறந்த திறமை என்பேன். 1995இல் ஜப்பானிய வேதியியலாளர்கள் யசுதாவும் அரகாவாவும் ஈஜிசிஜி எப்படி மெர்காப்டனை விழுங்குகிறது என்று பார்த்தார்கள். பாலிபீனால் ஆக்சிஜனேற்றம் அடைந்து குயினோன் என்ற வடிவத்துக்கு மாறுகிறது. கந்தக முனையை நீட்டிக்கொண்டிருக்கும் மெர்காப்டன் அதன்மீது ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய பிறகு அது வாயு இல்லை, மூக்குக்குப் போக வழியில்லை. வெட்டிய ஆப்பிள், கத்தரிக்காய் பழுப்பாவதும் இதே குயினோனால்தான். காயில் உள்ள பாலிபீனால் ஆக்சிடேஸ் நொதி அதைத் துரிதப்படுத்துகிறது. பூண்டு தின்றவர்களின் மூச்சை ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் பாரிஞ்சர் அளந்தபோது பச்சை ஆப்பிளும் புதினாவும் லெட்யூஸ் கீரையும் வாடையைக் குறைத்தன. சூடாக்கிய ஆப்பிளுக்கு அவ்வளவு பலன் இல்லை. நொதி வெந்து செத்துவிடுகிறது.

கழிவிலிருந்து மருந்து செய்ய நினைப்பவர்களுக்கு இது நேரடியான பாடம். பழத்தோலைக் கொதிக்க வைத்துச் சாறெடுத்தால் டானின் வரும், நொதி வராது. டானினோடு பச்சையான ஏதோ ஒரு காயின் நொதியையும் தனியே சேர்த்தால்தான் வாயு பிடிக்கும் வேகம் கூடும். நிலக்கடலைத் தோலிலும் தயாரிப்பு முறை தீர்மானிக்கிறது: பருப்பை வெந்நீரில் போட்டு உரித்தால் பாலிபீனாலில் பெரும்பகுதி அந்த நீரோடு ஓடிவிடும். வறுத்து உரித்த தோலில் நிறையவே தங்கும். ஒரே தோல், இரண்டு பட்டறை, இரண்டு வேறு சரக்கு.

கொல்வதில் கெட்டிக்காரப் பொருளும் ஒன்று உண்டு. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரிக்கொட்டை உடைப்பவர்களின் விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டில் இருக்கும் எண்ணெயைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஓட்டின் எடையில் கால்வாசிக்கும் மேல் அந்த எண்ணெய்; அதில் பாதிக்கு மேல் அனகார்டிக் அமிலம். பெர்க்லியில் இசாவோ குபோ 1990களில் அந்த அமிலம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸைக் கொல்வதைக் காட்டினார். ஆனால் மியூட்டன்ஸ் பற்சொத்தைக் கிருமி. நாற்றத்துக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. நாற்றக் கிருமிகளில் பெரும்பாலானவை கூடுதலாக ஒரு வெளிச்சவ்வைப் போர்த்தியவை. இவ்வகை அமிலங்கள் அதைத் தாண்டுவது கடினம். வணிகத்தில் கிடைக்கும் ஓட்டெண்ணெயில் அனகார்டிக் அமிலமும் பெரிதாக மிஞ்சுவதில்லை, சூடுபட்டதும் கரியமில வாயுவை இழந்து கார்டனாலாக மாறி, பிரேக் லைனிங்குக்கும் பெயிண்டுக்கும் போய்விடுகிறது. கைத்தோலைப் பொத்துப்போக வைக்கும் கார்டால் என்ற கூட்டாளியைப் பிரித்தெடுக்காமல் இதை வாயில் வைக்க நினைப்பதும் ஆபத்து. ஆய்வகத் தட்டில் வெற்றி பெற்ற பொருள் நாக்கை அடைவதற்குள் எத்தனை கதவுகள் என்பதற்கு முந்திரி ஓடே போதும்.

ஜப்பானில் ஹாப் செதிலின் கதை இதைவிடத் தெளிவு. பியருக்குக் கசப்பைத் தருவது ஹாப் பூவின் பிசின் சுரப்பிகள். அவற்றை எடுத்தபின் மிஞ்சும் பச்சைச் செதில்கள் ஒதுக்கப்படும். 1997இல் அந்தச் செதிலின் பாலிபீனால், மியூட்டன்ஸ் பல்லில் ஒட்டப் பயன்படுத்தும் பசையைத் தடுப்பதாக வெளியானது. 2007இல் மனிதர்களிடம் கொப்பளிப்பு நீராகக் கொடுத்துப் பற்படலம் குறைவதைக் காட்டினார்கள். தட்டிலிருந்து வாய்க்கு வரப் பத்தாண்டு ஆனது. இது நிதானம்தான், தாமதம் அல்ல.

நம் பக்கத்தில் விளைச்சல் கழிவை வாயில் வைக்கும் பழக்கம் புதிதல்ல. உமிக்கரி இருக்கிறது. நெல் உமியை மூட்டம் போட்டுக் கருக்கி உப்போடு சேர்த்துப் பொடித்துப் பல் தேய்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், உமியில் இருந்த ஃபெருலிக் அமிலம் முதலிய பீனால்கள் எல்லாம் அந்த மூட்டத்திலேயே எரிந்துவிடுகின்றன. மிஞ்சுவது கரியும் சிலிக்காவும். கரி வாடையைக் கொஞ்சம் உறிஞ்சும். சிலிக்கா தேய்க்கும், நாளாவட்டத்தில் பல்லின் எனாமலையும் சேர்த்து. கரிப் பற்பசைகளின் பலனுக்குப் போதிய சான்று இல்லை என்று 2017இல் அமெரிக்கப் பல் மருத்துவ இதழில் வந்த மீளாய்வும் சொன்னது. பலபேர் வெறும் விரலால் உமிக்கரி தேய்த்து, அப்படியே நாக்கையும் வழித்ததில்தான் வாய் சுத்தமானது என்று நினைக்கிறேன்.

துவர்ப்பு உள்ளதெல்லாம் நல்லது என்று போய்விடவும் கூடாது. பாக்கு நன்றாகத் துவர்க்கும், டானினும் நிறைய. 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்க்காத கொட்டைப்பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. நிலக்கடலையிலும் பயம் உண்டு. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் பெருமளவில் செத்து விழக் காரணம் தீவனத்தில் கலந்த பிரேசில் நிலக்கடலைப் பிண்ணாக்கு. அதிலிருந்துதான் பூஞ்சை நஞ்சான அஃப்ளாடாக்சின் கண்டறியப்பட்டது. ஈரத்தில் கிடந்த கடலையின் தோலும் அதைச் சுமக்கும். கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தோலில் ஒட்டிய துளிப் புரதமே போதும். மாதுளைத் தோலிலும் திராட்சைத் தோலிலும் பூச்சிமருந்து தங்கும், ஏனெனில் தெளிப்பு விழுவது அங்கேதான். கழிவு என்பதால் யாரும் தரம் பார்த்து உலர்த்துவதில்லை. மருந்தாக வேண்டுமானால் கழிவைக் கழிவாக நடத்துவதை முதலில் நிறுத்த வேண்டும். அந்தக் கணமே மலிவு என்ற அதன் பெருமையும் கொஞ்சம் குறையும்.

சோதனை முறைகளிலும் ஓட்டை இருக்கிறது. பெரும்பாலான ஆய்வுகள் பாக்டீரியா தனித்தனியே நீந்தும் குழம்பில் சாற்றை ஊற்றிப் பார்க்கின்றன; நாக்கில் அவை படலமாக ஒட்டியிருக்கின்றன. ஆய்வகத்தில் சாறு ஒரு நாள் முழுக்கக் கிருமியோடு இருக்கும், வாயில் உமிழ்நீர் சில நிமிடங்களில் கழுவிவிடும். அளக்கும் கருவியும் ஏமாறும். மருத்துவமனைகளில் பரவலான கையடக்கக் கந்தகமானி, புதினா எண்ணெய் ஆவியையும் சாராயத்தையும் பார்த்துத் தவறாக எண் காட்டக்கூடும். அதனால் பயிற்சி பெற்ற மனித மூக்கே இன்னும் தரமான அளவுகோலாக இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2008இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் பச்சைத் தேயிலைப் பொடி உடனடியாக வாயுவைக் குறைப்பதில் முதலிடம் பெற்றது; புதினா மிட்டாயும் சூயிங்கமும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஒரு மணி நேரத்துக்குப் பின் பார்த்தபோது தேயிலையின் பலனும் காணோம். வாயுவைப் பிடிக்கும் பொருளுக்கு இது எதிர்பார்க்கத்தக்கதே. உற்பத்தி நிற்காமல் நடக்கும்போது பிடிப்பவனுக்குக் கை ஓய்ந்துபோகிறது.

வாய்நாற்றத்துக்கான எல்லாச் சிகிச்சைகளையும் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வில் 44 சோதனைகள், 1,809 பங்கேற்பாளர்கள். கிடைத்த சான்று குறைந்த தரமும் மிகக் குறைந்த தரமும்தான் என்று அது முடித்தது. குளோர்ஹெக்சிடின், துத்தநாகம் போன்ற நன்கறிந்த பொருள்களுக்கே அந்த நிலை என்றால் பழத்தோலுக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வாய்க்கு வெளியேயிருந்து வரும் நாற்றம் வேறு கதை. சிலருக்கு இரத்தத்தின் வழியே டைமீத்தைல் சல்ஃபைடு நுரையீரலுக்கு வந்து மூச்சில் கலக்கிறது. 2018இல் அதற்கான மரபணுக் கோளாறுகளில் ஒன்று அடையாளம் காணப்பட்டது. அவர்கள் எதைக் கொப்பளித்தாலும் பலன் இருக்காது.

இத்தனைக்குப் பிறகும் நிலக்கடலைத் தோல் மீது எனக்கு நம்பிக்கை போகவில்லை. கொப்பளிப்பு நீராக அல்ல, வாயில் மெல்லக் கரையும் வில்லையாக. பச்சை நொதி ஒன்று சேர்த்து, அஃப்ளாடாக்சின் சோதனை முடிந்த தோலிலிருந்து. அதைச் சோதிப்பதில் கடினமானது, ஒப்பீட்டுக்கான போலி வில்லை. துவர்ப்பில்லாத வில்லையைக் கொடுத்தால் பங்கேற்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். படிகாரம் கலந்து துவர்க்க வைக்கலாம் என்றால் படிகாரமும் புரதத்தைக் கட்டும். ஆகவே போலியைக் கைவிட்டு, இரு குழுவையும் தினமும் நாக்கு வழிக்கச் சொல்லி, ஒரு குழுவுக்கு மட்டும் வில்லை கொடுப்பது நேர்மையான ஏற்பாடு. யாருக்கு வில்லை கிடைத்தது என்று தெரியாத ஒருவர், வில்லை கரைந்து மூன்று மணி நேரம் கழித்து முகர்ந்து பார்க்க வேண்டும்.